இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

நாட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு தேடிச் சென்று எண்ணும் அரசுப் பணி, பேச்சுவழக்கில் சென்சஸ். 1872இல் எடுத்த முதல் கணக்கு இடத்துக்கு இடம் வெவ்வேறு காலத்தில் நடந்தது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணியது 1881 பிப்ரவரி 17 அன்றுதான்.

1931 வரை ஓரிரவுக் கணக்கே வழக்கம். முன்னதாகவே வீடுகளுக்கு எண் போட்டு, குடும்பத்தார் விவரங்களைப் படிவத்தில் எழுதிவிடுவார்கள். குறித்த இரவில் மறுபடியும் வந்து, இடையில் இறந்தவரையும் வெளியூர் போனவரையும் அடித்துவிட்டு, புதிதாகப் பிறந்த குழந்தையையும் வந்து தங்கிய விருந்தாளியையும் சேர்ப்பார்கள். 1918இன் விஷக்காய்ச்சல் எத்தனை உயிர்களை வாரிக்கொண்டது என்பதை 1921ஆம் ஆண்டுக் கணக்கு காட்டுகிறது: முந்தைய கணக்கைவிடத் தொகை குறைந்தது அந்த ஒருமுறைதான்.

சாதிவாரி விவரம் முழுமையாக வெளிவந்த 1931 கணக்கெடுப்பு சட்டமறுப்புக் காலத்தில் நடந்தது. அதைப் புறக்கணிக்கும்படி காங்கிரஸ் அழைத்தது. 1941இல் போர் காரணமாக அட்டவணைகள் சுருங்கின; ஓரிரவு முறையும் கைவிடப்பட்டது.

இன்றும் நடப்பில் இருப்பது 1948ஆம் ஆண்டுச் சட்டம். பதில் சொல்வதை அது கட்டாயமாக்குகிறது. ஆனாலும் கணவர் பெயரைச் சொல்லும்படி எந்தப் பெண்ணையும் வற்புறுத்தக் கூடாது என்று 8ஆம் பிரிவு விலக்களிக்கிறது. வாசலில் நின்று கேட்பவரின் சங்கடமும் பதில் சொல்பவளின் தயக்கமும் அறிந்து எழுதிய பிரிவு அது. மக்கள் தந்த தனிப்பட்ட விவரங்களைப் பிறர் பார்வையிட முடியாது என்கிறது 15ஆம் பிரிவு. மக்கள் மறைக்காமல் பதில் சொல்வதற்கு இந்த உறுதியே ஆதாரம். இதில் கீறல் விழுந்தால் எந்தப் புள்ளிவிவரத்துக்கும் மதிப்பில்லை.

விடுதலைக்குப் பின் முதல் கணக்கு, ஆர். ஏ. கோபாலசாமி ஆணையராக இருந்த 1951இல் எடுக்கப்பட்டது. தொகை ஏறத்தாழ 36 கோடி. 2011இல் அது 121 கோடி. அம்முறை பெரும்பாலும் ஆசிரியர்களைக் கொண்ட சுமார் 27 லட்சம் பேர் களத்தில் இறங்கினர். வீடற்றோரைப் பிப்ரவரி 28 இரவில், நடைபாதையிலும் ரயில் நிலையத்திலும் அவர்கள் படுத்திருந்த இடத்துக்கே போய் எண்ணினார்கள். இப்பணியில் மிகவும் போற்றத்தக்க பகுதி இதுவே.

2021இல் நடக்கவேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது. சாதி விவரத்தையும் சேர்த்து, 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு கணக்கெடுக்கப்படும் என 2025 ஜூனில் அரசு அறிவித்தது. இந்தத் தாமதத்தின் சுமை ஏழைகள்மேல் விழுந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி எத்தனை பேருக்கு ரேஷன் தானியம் என்பதை, 2011ஆம் ஆண்டின் தொகையை வைத்தே கணக்கிட்டு வந்தார்கள்.