நாய்ப்பையன்

எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து மூன்று வாரங்களாகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம், ஜெனரேட்டர் மேடைக்குக் கீழே பிறந்த ஐந்தில் ஒன்று. மழை நாளில் மகள் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். திரும்பக் கொண்டுபோய் விடும் துணிவு எங்கள் எவருக்கும் வரவில்லை. மறுநாள் மின்தூக்கியில் மேல்மாடிக்காரர் குட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு அன்போடுதான் கேட்டார்: "என்ன ஜாதிங்க சார்?"

நாயைப் பற்றி நாம் இயல்பாகக் கேட்கும் முதல் கேள்வி இது. விலை கொடுத்து வாங்கியது 'ஜாதி நாய்'. மற்றது 'தெரு நாய்'. இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரமாகப் பழைய புத்தகங்களைப் புரட்டியதில் சேர்ந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. நாயைத் தேடிப் போனவன் அடுக்களையிலும் சாராயத்திலும் போய் நின்றேன். பொறுத்தருள்க.

நகரமும் நாயும் சேர்ந்த காட்சி தமிழுக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை 301 அடிகளே கொண்டது. அதற்குள் காவிரிப்பூம்பட்டினத்தின் அன்றாட வாழ்க்கை ஏறத்தாழ முழுதாகவே இருக்கிறது. சோற்றுச் சாலைகளிலிருந்து ஓடும் கஞ்சி தெருவில் ஆறாகப் பெருகிச் சேறாகிறது. மீனும் இறைச்சியும் பொரியும் முற்றங்களில் கள் விற்கும் வீட்டின் கொடி பறக்கிறது. பண்டகசாலை முன்றிலில் அடுக்கிய மூட்டைகளின்மேல் ஆண்நாய்கள் ஆட்டுக்கிடாய்களோடு துள்ளி விளையாடுகின்றன. நாயை அவர் ஞமலி என்கிறார். அதன் கூரிய நகத்தைச் சொல்கிறார், வளைந்த காலைச் சொல்கிறார். அது என்ன ஜாதி என்று சொல்லவில்லை. வகுப்பில் இப்பகுதியைப் பதினைந்து ஆண்டுகளாக நடத்தியும் இது என் கண்ணில் படவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இனி நம் சென்னப்பட்டணத்துக்கு வருவோம்.

1836 ஆம் ஆண்டின் இறுதியில் ஜூலியா என்னும் இளம்பெண் தன் நீதிபதிக் கணவருடன் சென்னையில் வந்து இறங்கினார். ஃபேனி பர்னி என்ற நாவலாசிரியையின் உறவினர். கூர்மையான கண்ணும் குறும்பான பேனாவும் அவருக்கு வாய்த்திருந்தன. சென்னையிலிருந்தும், பின்னர் கணவர் மாற்றலாகிச் சென்ற ராஜமுந்திரியிலிருந்தும் (அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது) அவர் தாய்நாட்டுக்கு எழுதிய கடிதங்கள், 'சென்னையிலிருந்து கடிதங்கள்' என்ற பெயரில் 1843இல், 'ஒரு சீமாட்டி' என்று மட்டும் குறித்து வெளியாயின. கணவர் 1840இல் இறந்தபின் மறுமணம் செய்துகொண்டதால் இன்று ஜூலியா மெயிட்லண்ட் என்றே அறியப்படுகிறார்.

அவர் தம் வீட்டு வேலையாட்களை ஒரு கடிதத்தில் எண்ணிக் காட்டுகிறார். பட்லர் ஒருவர், உடை கவனிக்கும் பையன் ஒருவன், மேட்டி ஒருவர், ஆயாக்கள் இருவர், குழந்தைக்குப் பாலூட்டும் தாதி ஒருத்தி, சமையற்காரர் ஒருவர், தண்ணிக்காரச்சி ஒருத்தி, தோட்டக்காரர் இருவர், பல்லக்குத் தூக்குவோர் அறுவர், தண்ணீர் சுமப்பவர் ஒருவர், குதிரைக்காரர் இருவர், புல் அறுப்போர் இருவர், நாய்ப்பையன் ஒருவன், கோழிக்காரர் ஒருவர், வண்ணார் ஒருவர், தையற்காரர் ஒருவர், வேட்டைக்காரர் ஒருவர், தாதிக்குச் சமைக்க ஓர் ஆள். ஆக 27 பேர். இது குறைவு என்று கருதப்படுவதாகவும் எழுதுகிறார். 'தண்ணிக்காரச்சி' என்ற நம் சொல் ஆங்கில எழுத்தில் நசுங்கிக் கிடப்பதைப் படிக்கும்போது சிரிப்பும் வருகிறது, சற்று வலியும் வருகிறது.

பட்டியலின் கடைசி ஆளைக் கவனியுங்கள். துரைக் குழந்தைக்குப் பாலூட்டிய தாதி சாதிக் கட்டுப்பாடு உடையவள். தன் சாதியார் சமைத்ததையன்றி உண்ணமாட்டாள். எனவே அவளுக்கென்று தனிச் சமையல். பால் கடக்கும் எல்லையைச் சோறு கடக்க முடியவில்லை. ஜூலியா இதைத் தொல்லை என்றே எழுதுகிறார். இருபத்தேழு பேரும் ஒருவர் வேலையை மற்றவர் தொடாத அந்த ஏற்பாடு தமக்கும் வசதியாகத்தான் இருந்தது என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

என்னை நிறுத்திவைத்தது அந்த 'நாய்ப்பையன்'. அவன் வேலை என்னவென்று ஊகிப்பது கடினமன்று. நாயைக் காலையும் மாலையும் நடத்துவது, குளிப்பாட்டுவது, உண்ணி எடுப்பது, வெயிலேறினால் நிழலில் கட்டுவது, துரை போகுமிடமெல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது. மூன்று வாரமாக நானும் என் மகளும் மாறி மாறிச் செய்யும் வேலைதான் இது. அவனுக்கு வயது என்ன, எங்கே படுத்தான், அவன் பேசியது தெலுங்கா தமிழா, அந்த நாயை அவனுக்குப் பிடித்திருந்ததா என்பதையெல்லாம் அந்தப் பட்டியல் சொல்லாது.

நிற்க. இதே ஜூலியா இங்கிலாந்து திரும்பியபின் குழந்தைகளுக்கான நூல்கள் எழுதினார். 1854இல் வந்த 'பூனையும் நாயும்' அவற்றுள் ஒன்று. அதில் கேப்டன் என்னும் நாய் தன் கதையைத் தானே சொல்கிறது. தான் மதிப்புள்ள குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற பெருமையோடு. நாய்க்குத் தன்வரலாறு கிடைத்தது, நாயைப் பிடித்துக்கொண்டு ஓடிய பையனுக்குப் பட்டியலில் ஓர் இடம் கிடைத்தது. ஜூலியாவைக் குற்றம் சாட்ட எனக்கு மனமில்லை. ராஜமுந்திரியில் பள்ளிக்கூடம் ஏற்படுத்த உழைத்தவர், தெலுங்கு கற்றவர், தம் காலத்துச் சீமாட்டிகள் பலரைவிட இந்த மண்ணை ஆர்வத்தோடு பார்த்தவர். அவர் அந்த ஒரு சொல்லையாவது எழுதி வைத்தார். இல்லையேல் அப்படி ஒருவன் இருந்ததே நமக்குத் தெரிந்திராது.

அடுக்களைக்குப் போவோம். 1878இல் ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட 'சென்னைக்கான சமையல் குறிப்புகள்' நூலை எழுதியவர் மதராஸ் குதிரைப்படை அதிகாரி ஆர்தர் ராபர்ட் கென்னி-ஹெர்பர்ட். 'வைவர்ன்' என்பது புனைபெயர். இவர் பின்னாளில் லண்டனில் சமையற்பள்ளியே நடத்தினார். பிரெஞ்சு முறை விருந்தைச் சென்னை வெயிலில் எப்படி ஒப்பேற்றுவது என்பதே நூலின் கவலை. துரைமார் வீட்டு அடுக்களைகள் இருண்டும் புகை மண்டியும், வீட்டைவிட்டுத் தள்ளியும் கிடப்பதை அவர் கடுமையாகச் சாடுகிறார். அவருடைய சமையற்காரர் பெயர் 'ராமசாமி'. எல்லா வீட்டிலும் ராமசாமிதான். அது ஆளின் பெயரன்று, பதவியின் பெயர். சாஸ் பதமாக வந்தால் அது நூலாசிரியரின் புகழ், திரிந்துபோனால் அது ராமசாமியின் குற்றம். நூல் முழுதும் சமைப்பவர் ராமசாமி. ஆனால் அட்டையில் ராமசாமி இல்லை.

ராமசாமிகளின் கைவண்ணம் உலகம் சுற்றியது. மிளகுத்தண்ணீர் 'முல்லிகட்டானி' ஆகி ஆங்கிலேயரின் சூப்புக் கோப்பையில் ஏறியதை அறிவோம். அதன் மிகப் பழைய ஆங்கிலக் குறிப்புகளுள் ஒன்று 1784ஐச் சேர்ந்தது. ஹைதர் அலியிடம் சிறைப்பட்டுப் பெங்களூர்ச் சிறையில் கிடந்த ஆங்கிலேயர், தங்களுக்கு உணவு மிளகுத்தண்ணீரும் கஞ்சியும்தான் என்று புலம்பிய பாட்டு அது. சிறைச்சாலையில் தண்டனையாக இருந்தது நூறாண்டுக்குள் விருந்து மேசையில் தொடக்க உணவாகிவிட்டது! சென்னை மாகாணத்து ஆங்கிலேயருக்கு 'மல்' என்ற பட்டப்பெயரே இதனால் வந்தது. இச்செய்திகளைத் தொகுத்துத் தருவது 1886இல் வெளியான 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் வெளிவருமுன் 1882இல் மறைந்தார்.

பானத்துக்கு வருவோம். காக்டெயிலின் மூதாதை என்று சொல்லத்தக்கது 'பஞ்ச்'. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், நறுமணப் பொருள் என ஐந்து சேர்வதால் 'பஞ்ச' என்பதிலிருந்து பெயர் வந்தது என்பது பரவலான கருத்து. பீப்பாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. முதற்கருத்து சரியென்றால் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இது சொல்லளவில் பங்காளி முறை. எழுத்தில் இச்சொல் முதலில் தென்படுவது கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் 1632இல் எழுதிய கடிதத்தில். அப்போது புனித ஜார்ஜ் கோட்டையே எழும்பியிருக்கவில்லை. கோட்டை எழுந்து, குடியும் பெருகிய பின், 1670களில் ஆளுநர் லாங்ஹார்ன் ஒரு விதி செய்தார்: ஒரு வேளைக்கு அரைப் பைண்ட் சாராயம் அல்லது பிராந்தி, அத்துடன் ஒரு குவார்ட் ஒயின், மிஞ்சினால் ஊற்றிக் கொடுத்த வீட்டுக்காரருக்கு ஒரு வராகன், குடித்தவருக்குப் பன்னிரண்டு பணம் அபராதம். இவ்வளவு 'கட்டுப்பாட்டுக்கு'ப் பிறகும் காலையில் எழுந்து கணக்கு எழுதினார்கள் என்பது வியப்பே.

ஜின்னும் டானிக்கும் பற்றி ஒரு குறுக்குச் செய்தி. காய்ச்சலுக்குக் கொய்னா குடித்த சிப்பாய்கள் கசப்பை மறைக்க ஜின் சேர்த்தார்கள், அதுவே பானமாயிற்று என்ற கதை எங்கும் சொல்லப்படுகிறது. கொய்னாவுக்கான சிங்கோனா மரங்கள் 1860களில் நம் நீலகிரியில் நடப்பட்டதும், நடுவட்டத்தில் சீனக் கைதிகளைக்கொண்டு வேலை வாங்கியதும் மெய். ஆனால் டானிக் தண்ணீருக்கு லண்டனில் 1858இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார்கள். ஜின்-டானிக் பற்றி அறியப்பட்ட மிகப் பழைய குறிப்பான 1868ஆம் ஆண்டுக் குறிப்பில் அதைக் கேட்பவர்கள் நோயாளிகள் அல்லர், லக்னோ குதிரைப்பந்தயம் முடிந்து திரும்புபவர்கள்.

இனி மேல்மாடிக்காரரின் கேள்வி. ஹாப்ஸன்-ஜாப்ஸனில் பறை என்னும் கருவியின் பெயரடியாக அமைந்த நம் சாதிப் பெயர் ஒன்று தனித் தலைப்பாக இருக்கிறது. அதை அடுத்தே, அச்சாதிப் பெயரையே அடைமொழியாகக் கொண்டு இரு தலைப்புகள்: ஒன்று மட்டமான சாராயத்துக்கு, மற்றொன்று தெருநாய்க்கு. சீமையிலிருந்து வந்த பிராந்தி பிராந்தி. இங்கே வெல்லமும் வேலம்பட்டையும் ஊறவைத்துக் காய்ச்சியதற்குச் சாதி ஒட்டப்பட்டது. கப்பலில் வந்த நாய் பெயரோடு வந்தது. இங்கே பிறந்த நாய்க்கும் அதே சாதி ஒட்டப்பட்டது. விலங்கியல் நூல்களும் அந்தப் பெயரை நெடுங்காலம் சுமந்தன. ஆங்கிலேயர் சாதியைக் கண்டுபிடிக்கவில்லை, அது நம் சரக்கு. ஆனால் தாழ்ந்தது எதற்கும் அதையே முத்திரையாகக் குத்தி, உலகமெங்கும் அனுப்பி வைத்தது அவர்கள் செய்த ஏற்றுமதி. இன்றும் ஆங்கில நாளேடுகள் ஒதுக்கிவைக்கப்பட்ட நாட்டை அச்சொல்லால் குறிக்கின்றன. எழுதுகிறவருக்கு அது யாருடைய பெயரென்று தெரிந்திருக்குமா என்று நினைத்துக்கொள்வேன்.

நாய்ப்பையனைப் பற்றி இன்னொன்று. வெறிநாய்க்கடிக்கு மருத்துவம் தரும் பாஸ்டர் நிலையம் இந்தியாவில் முதன்முதலாகக் கசௌலியில் 1900இல் தொடங்கப்பட்டது. 1902இல் குன்னூரில் ஓர் ஆங்கிலப் பெண் வெறிநாய் கடித்து இறந்தபோது தென்னிந்தியாவில் அதற்கு மருத்துவமே இல்லை. அந்த மரணத்தின் அதிர்ச்சியும், ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கரின் நன்கொடையும் சேர்ந்து 1907 ஏப்ரலில் குன்னூர் நிலையம் உருவாயிற்று. செம்மறியாட்டு மூளையிலிருந்து தயாரித்து வயிற்றில் போட்ட ஊசி 2004 இறுதிவரை இந்தியாவில் தயாரிக்கப்பட்டது. சிறுவயதில் அந்த ஊசியை வாங்கியவர்களுள் நானும் ஒருவன். தொப்புளைச் சுற்றி நாள்தோறும் குத்தியது நினைவிருக்கிறது. ஜூலியாவின் காலத்தில் நாயோடு நாளெல்லாம் இருந்தவன் அந்தப் பையன். கடிபட்டிருந்தால் அவனுக்கு என்ன இருந்தது? பச்சிலையும் பழுக்கக் காய்ச்சிய இரும்பும்தான்.

சென்ற சனிக்கிழமை குட்டிக்கு முதல் தடுப்பூசி. கால்நடை மருத்துவர் அட்டையை எடுத்துப் பெயர் கேட்டார். "ஞமலி" என்றாள் மகள். அவர் இரண்டு முறை சொல்லச்சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த கட்டம் 'இனம்'. அதில் எதையும் கேட்காமல் 'என்.டி.' என்று எழுதினார். விரிவு 'நான்-டிஸ்கிரிப்ட்', அதாவது இன்னதென்று விவரிக்க இயலாதது; அலுவல் வழக்கே அதுதானாம். நான் தயங்கித் தயங்கி, "நாட்டு நாய் என்று போடலாமே டாக்டர்" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, அடித்து, தமிழிலேயே எழுதிக் கொடுத்தார். குட்டி அதற்குள் அட்டையின் ஒரு மூலையைக் கடித்துவிட்டது.