டிவி வாத்தியார் வந்த தீவு

புதுசா ஒரு கருவி வந்ததும் "இனிமே பள்ளிக்கூடமே மாறிடும்"னு சொல்றது நம்ம காலத்துப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அமெரிக்கன் சமோவாவைப் பற்றிப் படித்தபோதுதான், அறுபது வருஷத்துக்கு முன்னாடியே அங்கே ஊர்மொத்தமும் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

ஹவாயிலிருந்து தெற்கே 4,000 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, பசிபிக் கடலில் இருக்கும் சின்னத் தீவுக்கூட்டம் இது. அமெரிக்காவின் ஆளுகையில் இருப்பது. 1961-ல் ஆளுநராக வந்த ரெக்ஸ் லீ, பள்ளிகளின் நிலையைப் பார்த்து அதிர்ந்து போனார். பாடம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். ஆனால் உள்ளூர் ஆசிரியர்கள் பலருக்கே ஆங்கிலம் தடுமாற்றம். எல்லா வகுப்புக்கும் அமெரிக்காவிலிருந்து ஆள் கொண்டுவந்தால் செலவு கட்டுப்படியாகாது. சரி, கொஞ்சப் பேரை மட்டும் வரவழைத்து, அவர்களை டிவியில் காட்டினால் என்ன?

அலாவா மலை உச்சியில், சுமார் 490 மீட்டர் உயரத்தில் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. அங்கே ஆட்களும் சாமான்களும் போக, பாகோ பாகோ துறைமுகத்துக்கு மேலேயே கம்பி இழுத்து ரோப் கார் விட்டார்கள். கிராமப் பள்ளிகளுக்குப் புதுக் கட்டடங்கள் வந்தன. 1964-ல் ஒளிபரப்பு தொடங்கியது. 1966-ல் அதிபர் ஜான்சனே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடத்துக்குத் துணையாக டிவி வரவில்லை. டிவியை நடுவில் வைத்துத்தான் பாடத்திட்டமே எழுதப்பட்டது. ஸ்டுடியோ ஆசிரியர் பாடம் நடத்துவார். வகுப்பில் நிற்கும் சமோவா ஆசிரியர், கையில் கொடுத்த குறிப்பை வைத்துக்கொண்டு, பிறகு பயிற்சி கொடுப்பார். வகுப்பு நேரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை டிவி முன்னால்தான் போனது.

ஒளிபரப்பை நிறுத்தி "புரியலையா, இன்னொரு தடவை சொல்றேன்" என்று சொல்ல முடியாது. பின்வரிசைப் பையன் முழிப்பதை ஸ்டுடியோ பார்க்காது. பார்க்கிற ஆசிரியருக்கோ அட்டவணையை மாற்றும் உரிமை இல்லை.

சின்ன வகுப்புகளில் டிவிக்கு வரவேற்பு இருந்தது. முணுமுணுப்பு கிளம்பியது உயர்நிலைப் பள்ளிகளில்தான். மாணவர்கள், ஆசிரியர்கள் இரு தரப்பிலும். இத்தனைக்கும் நடுவில் உள்ளூர் ஆசிரியர்களின் பயிற்சியும் ஆங்கிலமும் மேம்பட்டிருந்தன. 1970-களில் டிவி நேரம் படிப்படியாகக் குறைந்து, வேண்டுமானால் பயன்படுத்தலாம் என்ற நிலைக்கு வந்தது. வேணுமா வேண்டாமா என்று சொல்லும் உரிமை வகுப்பறைக்குத் திரும்பியது.

இதை வெறும் தோல்வி என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. ஆள் இல்லாத இடத்தில் அந்தப் பெட்டி ஒரு தலைமுறைக்குப் பாடம் சொல்லியிருக்கிறது. ஆனால் வகுப்பில் நிற்பவரை நம்பாமல் போட்ட திட்டம், அவரை நம்பலாம் என்று ஆனதும் தானாகவே சுருங்கிவிட்டது. இன்று எந்த ஊரில் டேப்லெட் வாங்கினாலும் நான் முதலில் கேட்க நினைப்பது இதைத்தான்: அதை அணைத்து வைக்கும் உரிமை டீச்சருக்கு இருக்கா?