ரூபாய்க்கு ஓரணா

சம்பளம் வந்த நாளில் வீடு கலகலப்பாக இருக்கிறது. மாதத்தின் இருபதாம் நாள் நெருங்கும்போதோ பேச்சுக் குறைந்துவிடுகிறது. பால்காரருக்குப் பாக்கி, மளிகைக் கடையில் பாக்கி, சீட்டுத் தவணை பாக்கி. "பணம் எங்கே போனதென்றே தெரியவில்லை" என்கிறார் கணவர். "நான் என்ன எனக்காகவா செலவழித்தேன்?" என்று கேட்கிறார் மனைவி. பிள்ளைகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உண்கிறார்கள். இந்தக் காட்சி நம் இல்லங்களுக்குப் புதிதன்று.

வீட்டுச் செலவு கட்டுக்குள் அடங்காமற் போனால், அதைத் தனி மனிதரின் ஒழுக்கக் குறை என்றே நாம் எண்ணிவிடுகிறோம். ஊதாரி என்கிறோம், பொறுப்பில்லாதவர் என்கிறோம். கொங்கு நாட்டின் கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் இதனினும் ஆழமான பாடம் ஒன்று கிடைக்கிறது. அந்தப் பாடத்தை, இன்று வழக்கொழிந்துவிட்ட 'ஓரணா' என்னும் சிறு நாணயத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ள முயல்வோம்.

பஞ்சம் தந்த படிப்பினை

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி கொங்கு நாடு. கிணறு வெட்டி, ஏற்றம் இறைத்து, வானத்தை நம்பாமல் உழைப்பை நம்பி வாழப் பழகியவர்கள் இம்மண்ணின் மக்கள். விளைந்த கம்பையும் சோளத்தையும் ராகியையும் உண்பதற்கு முன்னே விதைக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது வீட்டின் சட்டமாக இருந்தது. பசித்தாலும் விதைத் தானியத்தில் கை வைக்கமாட்டார்கள். வரவுசெலவுத் திட்டம் என்ற சொல்லை அறியாத காலத்திலேயே அதன் உட்பொருளை அறிந்திருந்தவர்கள் அவர்கள்.

ஆனால் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் அந்தச் சிக்கனமும் தோற்றது. 1871ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பையும் 1881ஆம் ஆண்டின் கணக்கெடுப்பையும் ஒப்பிட்டால், கோவை, சேலம் மாவட்டங்களில் மக்கள்தொகை வளர்வதற்குப் பதிலாகக் குறைந்திருப்பதைக் காணலாம். பிழைத்தவர்களிடம் மாடு இல்லை, விதை இல்லை, நகை இல்லை. மழை திரும்பி வந்தபோது உழவுக்குக் கடன் வாங்குவதன்றி வேறு வழி இல்லை. சிக்கனம் மட்டும் ஒரு குடும்பத்தைக் காத்துவிடாது. கெட்ட காலத்தில் தாங்கிப் பிடிக்க ஓர் அமைப்பும் வேண்டும் என்பதைப் பஞ்சம் கண்ணீரால் எழுதிக் காட்டியது.

அந்த எழுத்தைப் படித்தவர்களுள் ஒருவர் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் ஆங்கிலேய அதிகாரி. கோவை மாவட்டத்தின் நிலம், நீர், தொழில், மக்கள் வாழ்வு அனைத்தையும் தொகுத்து 1887இல் வெளியான கோவை மாவட்டக் கையேட்டை உருவாக்கியவர் அவரே. 1892இல் சென்னை அரசு, உழவர்க்கு வங்கிகள் அமைப்பது பற்றி ஆராயும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. ஐரோப்பிய நாடுகளின் கடன் சங்கங்களை ஆராய்ந்து, 1895இலும் 1897இலும் இரு பெரும் தொகுதிகளாக அவர் அறிக்கை அளித்தார். சென்னை மாகாணத்து நாட்டுப்புற மக்களின் கடன் சுமார் 45 கோடி ரூபாய் என்பது அவருடைய மதிப்பீடு.

குறைந்த வட்டிக்குப் பணம் கொடுத்தால் கடன் தீரும் என்று அன்று பலர் நம்பினர். நிக்கல்சன் அவ்வாறு நம்பவில்லை. எளிதாகக் கிடைக்கும் கடன், சேமிக்கும் பழக்கமில்லாத வீட்டை இன்னும் ஆழமாகப் புதைக்கும் என்று அவர் கண்டார். சேமிப்பும், முன்யோசனையும், ஒருவருக்கொருவர் துணைநிற்கும் மனமும் முதலில் வளர வேண்டும். கடன் அவற்றின் பின்னே வர வேண்டும். இந்திய மண்ணுக்கு ஒரு ரைபைசன் வேண்டும் என்பதே அவருடைய நெடிய ஆய்வின் சுருக்கமான முடிவு.

ஊரே பிணை

யார் இந்த ரைபைசன்? பிரீட்ரிக் வில்லெம் ரைபைசன், ஜெர்மனி நாட்டுச் சிற்றூர்களின் தலைவராகப் பணியாற்றியவர்; கத்தோலிக்கர் அல்லர், எனினும் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவர். 1846-47 பஞ்சத்தின்போது தம் ஊர் ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்க வழிசெய்தார். தருமம் பசியாற்றும், ஆனால் அடுத்த ஆண்டின் பசியைத் தடுக்காது என்பதை அனுபவத்தில் கண்டு, 1864இல் ஹெட்டஸ்டோர்ப் என்னும் ஊரில் கடன் சங்கத்தை நிறுவினார்.

அச்சங்கத்தின் விதிகள் எளியவை. ஒருவரையொருவர் அறிந்த ஓர் ஊரார் மட்டுமே உறுப்பினர். ஒருவர் கட்டத் தவறினால் அனைவரும் பொறுப்பு. எதற்காகக் கடன் என்று சொல்லியாக வேண்டும்; ஆடம்பரத்திற்குக் கிடையாது. சிறு தொகையாயினும் சேமித்தாக வேண்டும். சொத்தில்லாத ஏழைக்கு அவனது நாணயமே ஈடு. வீட்டுக் கணக்கை நான்கு சுவர்களுக்குள் மறைத்து வைக்காமல், அன்புள்ள அண்டை அயலாரோடு பகிர்ந்துகொள்ளச் செய்ததே ரைபைசன் கண்ட புதுமை.

நிக்கல்சனின் ஆய்வு வீண்போகவில்லை. 1904இல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் தமிழகத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. 1909இல் வடக்கே சோட்டாநாக்பூரில், ஜெர்மனியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன், வட்டிக்காரர்களிடம் நிலமிழந்த பழங்குடி மக்களுக்காகக் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். ஆன்மாவை மட்டுமன்றி அடுப்பங்கரையையும் எண்ணிப் பார்த்த மேய்ப்பர் அவர்.

ஆலைச் சங்கும் வட்டிக்காரரும்

கொங்கு நாட்டின் கதை இதற்குள் வயலிலிருந்து ஆலைக்கு நகர்ந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோவையில் நூற்பாலை எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. நிலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை விளைச்சலைக் கண்டவர்கள், ஆலைச் சங்கு ஊதும் நேரத்திற்கு எழுந்து, மாதத்திற்கு ஒருமுறை கூலியைக் கண்டனர். தானியத்தைக் குதிரில் அளந்து வைக்கத் தெரிந்த கைகளுக்கு, ரொக்கத்தை அளந்து வைக்கும் பழக்கம் உடனே வந்துவிடவில்லை. தானியம் குறைவது கண்ணுக்குத் தெரியும். பணம் குறைவது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த அரச ஆணையம் 1931இல் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொழிலாளர் கடனாளிகள். அவர்களுள் மிகப் பலரின் கடன் மூன்று மாதச் சம்பளத்தையும் விஞ்சியது என்று அது கூறியது. பரவலாக இருந்த வட்டி விகிதங்களுள் ஒன்று, ரூபாய்க்கு மாதம் ஓரணா!

ஓரணாதானே என்று தோன்றும். பதினாறு அணா ஒரு ரூபாய். மாதம் ஓரணா எனில் ஆண்டுக்குப் பன்னிரண்டு அணா. அதாவது நூற்றுக்கு 75. பதினாறு மாதங்களில் வட்டியே முதலுக்கு இணையாகிவிடும். முதல் அப்படியே நிற்கும். மூன்று மாதச் சம்பளத்தைக் கடனாகப் பெற்றவர், ஒவ்வொரு மாதமும் தம் சம்பளத்தின் ஒவ்வொரு ரூபாயிலும் மூன்றணாவை வட்டிக்கே எடுத்து வைக்க வேண்டும். மீதிப் பதின்மூன்று அணாவில் குடும்பம் நடக்காது. எனவே மீண்டும் கடன். கூலி வாங்கும் நாளில் ஆலை வாயிலில் வட்டிக்காரர் காத்திருப்பது அன்று இந்தியத் தொழில் நகரங்களில் வழக்கமான காட்சி.

திருமணம் போன்ற சடங்குகளுக்காகும் செலவே கடனுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று என்றும் அவ்வாணையம் சுட்டியது. நம் சீர்வரிசைகளையும் விருந்துகளையும் நினைக்கையில் இதை மறுக்க நம்மால் இயலவில்லை. ஆனால், சிக்கனத்தைப் போதிக்கு முன் கூலியையும் பார்க்க வேண்டும். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், தொழிலாளி தன் குடும்பத்தைக் காத்து, சிக்கனமாய் வாழ்ந்தால் சிறிதேனும் மிச்சம் பிடிக்கும் அளவுக்குக் கூலி இருக்க வேண்டும் என்று கற்பித்தது. வயிற்றுக்கே போதாத கூலி தருபவருக்குச் சேமிப்பைப் பற்றி அறிவுரை கூறும் தகுதி இல்லை.

அதே ஓரணா, மறுபக்கம்

விடுதலைக்குப் பின் 1952இல் தொழிலாளர் சேமநல நிதிச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் ஆறு தொழில்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. நெசவுத் தொழில் அவற்றுள் ஒன்று. தொழிலாளி தன் ஊதியத்தில் செலுத்த வேண்டியது நூற்றுக்கு ஆறேகால். பதினாறால் வகுத்துப் பாருங்கள்: ரூபாய்க்கு ஓரணா! ஆலை முதலாளியும் அதே ஓரணாவைச் சேர்த்துச் செலுத்த வேண்டும்.

கடன் மேல் மாதந்தோறும் ஏறிய ஓரணா குடும்பத்தைத் தின்றது. சம்பளம் கைக்கு வருமுன்னே ஒதுக்கப்பட்ட ஓரணா, மகள் திருமணத்துக்கும் மகன் படிப்புக்கும் ஓய்வுக்கால வீட்டுக்கும் உதவியது. தொழிலாளி திடீரென்று ஒழுக்கசீலராக மாறிவிடவில்லை. செலவழித்த பின் மிஞ்சுவதைச் சேமிப்பது என்ற முறை மாறி, சேமித்த பின் மிஞ்சுவதைச் செலவழிப்பது என்ற முறை சட்டத்தால் வந்தது. விதைத் தானியத்தை முதலில் ஒதுக்கிய பாட்டன் பாட்டியரின் அறிவே வேறு வடிவில் திரும்பி வந்தது எனலாம்.

ஆனால் சேமநல நிதி ஆலைக்குள் இருந்தவர்களுக்கே. கூலி வேலை செய்த பெண்களுக்கு அது எட்டவில்லை. கூட்டுறவும் எதிர்பார்த்த அளவு வளரவில்லை. 1951-52இல் நடந்த அனைத்திந்திய நாட்டுப்புறக் கடன் ஆய்வு, உழவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடே என்று காட்டியது.

ரைபைசனின் கனவு பின்னர் மற்றொரு வடிவில் தளிர்த்தது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. விரைவில் சேலத்துக்கும் பிற மாவட்டங்களுக்கும் பரவின. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் கூடி, சிறு தொகை சேமித்து, தமக்குள் கடன் கொடுத்து, கணக்கு எழுதினர். சோறாக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வந்த தாய்மாரின் பழக்கமே குறிப்பேடாக மாறியது. 'எவ்வளவு? எதற்கு? எப்போது திருப்புவாய்?' என்ற கேள்விகளை அன்போடு கேட்கும் ஒரு வட்டம் அவர்களுக்குக் கிடைத்தது.

சேமிப்பு யார் கையில்?

வரலாறு எச்சரிக்கையும் தருகிறது. கொங்குப் பகுதி நூற்பாலைகள் சிலவற்றில், மூன்றாண்டு வேலை செய்தால் இறுதியில் மொத்தத் தொகை தருவதாகக் கூறி, ஏழை இளம் பெண்களைச் சேர்த்த 'சுமங்கலித் திட்டம்' நமக்குத் தெரியும். திருமணச் சேமிப்பு என்ற அழகிய பெயர் அதற்கு. உடல் நலிந்தோ வேறு காரணத்தாலோ இடையில் நின்றவர் பலர் அத்தொகையை இழந்தனர். பிறர் கையில் சிக்கி, நினைத்தபோது பெற முடியாத பணம் சேமிப்பு ஆகாது. அது தடுத்து வைக்கப்பட்ட கூலி.

1990களில் நிதி நிறுவனங்கள் பல சரிந்து, வாழ்நாள் சேமிப்பை இழந்தோர் தெருவில் நின்றதால், முதலீட்டாளர் நலன் காக்க 1997இல் தமிழக அரசு தனிச் சட்டமே இயற்றியது. அதன் பின்னும் 2012இல் பெருந்துறைப் பகுதியில் ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்கள் சரிந்தன. சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள் பெருக வேண்டும் என்ற அவசரத்தில் அனைத்தையும் ஒரே நாளில் இழந்தார்கள். செலவைக் கட்டுப்படுத்தக் கற்ற நாம், ஆசையைக் கட்டுப்படுத்தவும் கற்க வேண்டியிருக்கிறது.

நம் இல்லங்களில்

இன்று வட்டிக்காரர் ஆலை வாயிலில் நிற்பதில்லை. நம் சட்டைப் பையில் இருக்கிறார். கைப்பேசியைத் தட்டினால் கடன் வருகிறது; தவணை முறையில் எல்லாப் பொருளும் வருகிறது. கடன் அட்டைப் பாக்கிக்கு மாதம் 3 விழுக்காட்டுக்கு மேல் வட்டி என்றால், ஓரணா வட்டியில் ஏறத்தாழப் பாதியை நாம் இன்னும் செலுத்துகிறோம் என்று பொருள்.

ஆகவே வரலாறு கற்பித்தவற்றை வீட்டுக்குக் கொண்டு வருவோம். சம்பளம் வந்த அன்றே, பத்தில் ஒன்றோ பதினாறில் ஒன்றோ, நம்மால் இயன்ற பங்கை முதலில் ஒதுக்குவோம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளை - சூன் மாதப் பள்ளிக் கட்டணம், காப்பீட்டுத் தவணை, கிறிஸ்மஸ் உடை, ஊர்த் திருவிழா - பன்னிரண்டால் வகுத்து மாதந்தோறும் எடுத்து வைப்போம். வருமென்று தெரிந்த செலவு ஒருபோதும் திடீர்ச் செலவு ஆகாது. அன்றைய தொழிலாளி மூன்று மாதச் சம்பளத்திற்குக் கடன்பட்டிருந்தார். நாம் மூன்று மாதச் செலவுக்குரிய தொகையைக் கையிருப்பாக வைக்க முயல்வோம். நோயோ வேலையிழப்போ வந்தால் வட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல் அது காக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணவனும் மனைவியும் ஒரே குறிப்பேட்டில் கணக்கு எழுதுவோம். விவரம் தெரிந்த பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்வோம். கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி நம் ஆண்டவரே பேசியிருக்கிறார். அதில் 'உட்கார்ந்து' என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். மாதம் ஒரு மாலை, ஒன்றாக உட்காரும் குடும்பத்தில் குற்றம் சாட்டும் பேச்சு குறையும்.

அவ்வாறு உட்கார்ந்தும் கணக்கு ஒவ்வாத வீடுகள் நம் பங்கிலேயே உண்டு. அவர்களிடம் குறை தவறு அன்று, கூலிதான். நம் சேமிப்பின் ஒரு சிறு பங்கு அவர்கள் வீட்டு வாசலையும் சென்றடையுமானால், கோவை மண்ணைப் படித்து நிக்கல்சன் தேடிய ரைபைசனை நம் தெருவிலேயே காண்போம்.