தோட்டத்து மக்கள் நேதாஜியின் பின்னே சென்றது ஏன்?



ஜெர்மானியர்கள் ஹிட்லரைத் தலைமேல் தூக்கி வைத்தது ஏன் என்று சரித்திர நூல்கள் கேட்கின்றன. அந்தக் கேள்வியை நம் வீட்டுப் பக்கமும் சற்றே திருப்பிப் பார்ப்போம். 1943இல் பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு, அதுவரை நேரில் கண்டிராத ஒரு வங்காளத் தலைவரின் படையில் நம் பெரியவர்கள் சேர்ந்தார்களே, அது எதனால்?

முதலில் ஜெர்மனி. முதல் உலகப் போரில் தோல்வி. அதன்பின் நட்டஈட்டுச் சுமை. 1923இல் ரொட்டி வாங்கக் கட்டுக்கட்டாகப் பணம் கொண்டுபோக வேண்டியிருந்தது. 1932இல் ஏறத்தாழ 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. 1928 தேர்தலில் 12 இடங்களே பெற்ற ஹிட்லர் கட்சி, 1932 ஜூலையில் 230 இடங்களைப் பிடித்தது. அப்போதும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அவரை அடக்கி வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிய மேல்மட்டத்தார் சிலர்தாம் 1933 ஜனவரி 30ஆம் நாள் அவரைப் பிரதமராக்கக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

அதே உலக மந்தம் நம் தோட்டங்களையும் விடவில்லை. ரப்பர் விலை சரிந்தது, கூலி குறைந்தது, பல்லாயிரம் குடும்பங்கள் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. விலை மீண்ட பிறகும் மனப்புண் ஆறவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது கேட்டவற்றைப் பாருங்கள்: கூலி உயர்வு, கள்ளுக்கடையை மூடுவது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. காசுக்குச் சமமாக மானத்தையும் கேட்டார்கள்! துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். மாதம் முடிவதற்குள் ஈப்போ வீழ்ந்தது. பெரட்டில் அதட்டிய துரைமார் ஓடினார்கள். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. சயாம் ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுபோகப்பட்டனர், பெரும்பாலோர் தமிழர், பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. படையில் சேர்ந்தால் சயாமுக்குப் பிடித்துப்போக மாட்டார்கள் என்ற எண்ணமும் சிலரைச் சேர வைத்தது. இதைச் சொல்வதால் அவர்கள் தியாகம் குறைந்துவிடாது.

இந்த நேரத்தில், 1943 ஜூலையில், ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பல் வழியாகப் புறப்பட்டிருந்த சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அவர் பேச்சைத் தமிழில் பெயர்த்துச் சொன்னார்கள். கூலி என்று கூப்பிடப்பட்டவனை அவர் வீரனே என்று அழைத்தார். பெண்களுக்கு டாக்டர் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தது. பால்மரம் வெட்டிய பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். சாதி பாராமல் ஒரே பந்தியில் உண்டனர். தாலிக்கொடியைக் கழற்றித் தந்தவர்களும் உண்டு.

நேதாஜியும் ஒரு தலைவன், ஒரு கட்டளை என்றுதான் நடத்தினார். அந்த ஒற்றுமையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஹிட்லர் தம் மக்களின் பசியையும் கோபத்தையும் பக்கத்து வீட்டு யூதர் மீது திருப்பினார். நேதாஜி அதைப் பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் மீதோ சீனர் மீதோ திருப்பவில்லை. ஆண்டவர்கள் மீதே திருப்பினார்.

ஒரு கேள்வி மட்டும் நமக்கு இன்னும் நோகிறது. சயாம் காட்டில் நம்மவர் மடிந்துகொண்டிருந்த அதே 1943இல், அவர்களை அங்கே கொண்டுபோன ஜப்பானியரின் தயவில்தான் இந்தப் படை நின்றது. தந்தை சயாமுக்கும் மகன் படைக்குமாகப் பிரிந்த குடும்பங்களும் உண்டு.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. படை கலைந்தது. திரும்பியவர்கள் பழைய லயத்துக்கே வந்து, பழையபடி பெரட்டில் நின்றார்கள். ஆனால் மறு ஆண்டே, நேதாஜியின் தற்காலிக அரசில் பங்கேற்றிருந்த, கோலகங்சாரில் பிறந்த வழக்கறிஞர் ஜான் திவி மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரானார். கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் இளைஞர்கள் அணிவகுத்துக் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் போய் நின்றார்கள்.