கேட்பவரை யார் கேட்பது? மண்டபம் கரையிலிருந்து சில குறிப்புகள்

ராமேஸ்வரத்தில் போய் 'ஸ்கூல் கவுன்சிலர்' என்று விசாரித்தால் நகராட்சி வார்டில் ஜெயித்தவர் வீட்டைக் காட்டுவார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஒரு தொழிலுக்குப் பெயரே ஊன்றாத இடத்தில் அந்தத் தொழில் செய்பவரின் பாடு என்ன என்பதுதான் நம் கேள்வி.

பள்ளி உளவியலின் பிறப்பு அவ்வளவு சாதுவானதல்ல. 1913இல் லண்டன் கவுண்டி கவுன்சில் சிரில் பர்ட்டைப் பணியில் அமர்த்தியது குழந்தைகள் சொல்வதைக் கேட்பதற்காக அல்ல. எந்தப் பிள்ளை சாதாரணப் பள்ளிக்கு, எது 'மந்தபுத்தி'ப் பள்ளிக்கு என்று தரம் பிரிக்க. அளவுகோல், அட்டவணை, மதிப்பெண். தரம் பிரிப்பவருக்குத் துணை எதுவும் தேவைப்படாது; அட்டவணையே அவருக்குத் துணை. கேட்க உட்காருகிறவரின் நிலைமை வேறு. கேட்டது அவரோடு வீட்டுக்கு வரும்.

தரம் பிரிப்பதை நம் கரை வேறு வழியாக அறியும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மண்டபத்தில் மறித்து வைத்து, அம்மை குத்தி, துணிமணியை ஆவியில் வேகவைத்து, தேறியவர்களை மட்டும் கப்பலேற்றினார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் அதே வழியாக அவர்களின் பேரப்பிள்ளைகள் 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரில் வந்திறங்கினார்கள். 1983க்குப் பின் ஈழ அகதிகள். முதலில் உடம்பைச் சோதித்தார்கள், பிறகு காகிதத்தை, 1991 மே மாதத்துக்குப் பிறகு விசுவாசத்தையே சோதித்தார்கள். படகில் வந்த பிள்ளை ராத்திரி ஏன் அலறி எழுகிறது என்பதற்கு மட்டும் எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது. அதே 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பயணிகளோடு ரயிலே போனது. மிஞ்சிய பிள்ளைகளின் மனசு பற்றி யாரும் கேட்டதாக அந்தக் கதையைச் சொல்பவர்கள் சொல்வதில்லை.

இதே கடலின் அக்கரையில் நடந்தது வேறு. அங்கே சண்டைக்கு நடுவில், யாழ்ப்பாணத்தில், மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1993இல் 'மனவடு' நூலைக் கொண்டுவந்தார். மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், பாதிக்கப்பட்டவர்களோ ஊர் முழுக்க. ஆகவே ஆசிரியர்கள், கிராம மட்டத் தொண்டர்கள் என்று பலரைப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. 'உளவளத்துணை' என்ற சொல் அங்கே புழக்கத்துக்கு வந்ததை நாம் கவனிக்க வேண்டும். நம்முடைய 'ஆலோசகர்' மேலே நின்று புத்தி சொல்கிறார். துணை என்பவர் கூட வருகிறவர். சொல் மாறினாலே எல்லாம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கூட வருகிறவருக்கும் கால் வலிக்கும் என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஷெல்லடிபட்ட ஊரில் ஷெல்லடிபட்ட பிள்ளைக்குக் காது கொடுக்கும் ஆசிரியரின் வீட்டிலும் அதே சாவு விழுந்திருக்கும். அவரையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த வேலை நடக்காது.

இக்கரைக்கு வருவோம். ராமநாதபுரத்தில் மனநலம் அரசின் கண்ணில் பட்டது 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில். ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகினார்கள்; மொத்தம் 28 பேர் செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன, மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. வந்த வழியைப் பாருங்கள்: சங்கிலி, தீ, விசாரணை, பிறகு மருத்துவர். பள்ளிக்கூடம் இந்த வரிசையில் பின்னால்தான் சேர்ந்தது. சேர்ந்ததும் ஆசிரியருக்குச் சில நாள் பயிற்சி என்ற வடிவில்.

2013 வாக்கில் தமிழக அரசு நடமாடும் ஆலோசனை வாகனங்களை விட்டது. பத்து வண்டி, வண்டிக்கு ஓர் உளவியலாளர், அன்றைக்கு 32 மாவட்டங்கள். ராமநாதபுரத்தின் கடற்கரை மட்டுமே ஏறத்தாழ 237 கிலோமீட்டர். வண்டி வந்து போனால் அடுத்த தடவை எப்போதோ. அப்பா நெடுந்தீவுப் பக்கம் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிறார், படகு திரும்பாது, கந்துக்காரர் வாசலில் நிற்கிறார், பையன் பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டான். இதை ஒரு நாளில் கேட்டு முடிக்க முடியுமா? கேட்ட உளவியலாளர்தான் மறுநாள் அடுத்த மாவட்டத்தில் யாரிடம் போய் இறக்கி வைப்பார்? அவருக்கு மூத்த சக தொழிலாளி கிடையாது. மேற்பார்வை என்றால் நம் அலுவலகங்களில் வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பதுதானே. சட்டத்திலும் அவருக்குத் தனி இடமில்லை: 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின் பதிவேட்டில் மருத்துவ உளவியலாளர் உண்டு, மறுவாழ்வு உளவியலாளர் உண்டு, பள்ளி உளவியலாளர் என்று தனி வகை இல்லை. ஆள் இருந்தும் தொழிலாக இல்லை.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் ஒரு மாணவி இறந்த வழக்கில், நாடு முழுமைக்குமான நெறிமுறைகளைத் தந்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். எல்லாப் பணியாளருக்கும் ஆண்டுக்கு இரு முறை பயிற்சி. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நியமிக்கப்படுபவர் எந்தச் சம்பளத்தில், எத்தனை மாத ஒப்பந்தத்தில், யாருடைய துணையோடு என்பதையெல்லாம் இனிமேல்தான் அரசுகளோடு மல்லுக்கட்டி வாங்க வேண்டும். தொழிற்சங்கக்காரர்கள் இதை உளவியல்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்காமல் இருந்தால் சரி.

100க்குக் குறைவான பள்ளிகள் வெளியே உள்ள வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டுமாம். கரையோரத் தொடக்கப்பள்ளிகள் பலவும் இந்த வகைதான். ராமேஸ்வரம் தீவிலிருந்து அந்த வெளி வல்லுநர் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் இருக்கிறார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்வர அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும், டீச்சருக்கு ஒரு நாள் லீவு.