உடையின் பெயரும் நெய்தவர் பெயரும்

நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் எகிப்து நாட்டு மம்மி முதல் நம் சோழர் காலச் செப்புத் திருமேனி வரை எல்லாம் இருக்கிறது. அங்கே 1983 டிசம்பரில் ஒரு புதுமை நடந்தது. ஈவ் சான் லோரான் என்ற பிரெஞ்சு உடை வடிவமைப்பாளரின் இருபத்தைந்து வருஷத்து உழைப்பை ஒரு கண்காட்சியாக வைத்தார்கள். உயிரோடு இருக்கும் ஒரு வடிவமைப்பாளருக்கு மட்டுமாக அந்த அருங்காட்சியகம் கண்காட்சி நடத்தியது அதுவே முதல் தடவை. அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு.

ஜவுளிக்கடைக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். அபர்தீன் பஜாரில் நாற்பது வருஷத்துக்கு மேல் துணி கிழித்துக் கொடுத்தவன் நான். ஆரணிப் பக்கத்து நயினார் குடும்பம். பள்ளிப் படிப்போடு சரி. ராத்திரி கடையைச் சாத்திய பிறகு படித்ததுதான் என் படிப்பு. துணியைப் பற்றி யார் என்ன எழுதினாலும் விடமாட்டேன். அப்படித்தான் இந்தச் சங்கதியும் கண்ணில் பட்டது.

சான் லோரான் 1936இல் அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்தில் பிறந்தவர். கிறிஸ்டியன் டியோர் 1957இல் திடீரென்று காலமானபோது, இருபத்தோரு வயதுப் பையனாக அந்தப் பெரிய நிறுவனத்தின் வடிவமைப்புப் பொறுப்பை ஏற்றார். 1962 ஜனவரியில் சொந்தப் பெயரில் முதல் தொகுப்பை வெளியிட்டார். ஆண்கள் விருந்துக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் பெண்ணுக்குத் தைத்துக் கொடுத்து ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தார். 2008இல் இறந்தார். 2017இல் பாரிசிலும் மராக்கேஷிலும் அவர் பெயரில் தனி அருங்காட்சியகங்களே திறந்துவிட்டார்கள்.

1983 கண்காட்சிக்குக் கூட்டமும் வந்தது, கண்டனமும் வந்தது. கடையில் இன்னும் சரக்கு விற்றுக்கொண்டிருப்பவருக்கு அருங்காட்சியகம் விளம்பரம் செய்யலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதே அருங்காட்சியகம் உயிரோடிருக்கும் இன்னொரு வடிவமைப்பாளருக்குத் தனிக் கண்காட்சி வைக்க 2017 வரை ஆயிற்று. அவர் ஜப்பானைச் சேர்ந்த ரேய் கவாகுபோ. நடுவில் 2011இல் அங்கே அலெக்சாண்டர் மெக்வீன் கண்காட்சி நடந்தபோது, அவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆறரை லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். சட்டையும் பாவாடையும் பார்க்க ஆறரை லட்சம் பேர்! எங்கள் தாத்தா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

என் மனசில் முள்ளாகத் தைத்தது வேறொரு விஷயம். வான் கோ வரைந்த நீலப் பூக்களை அப்படியே பூவேலையாகச் செய்த ஒரு மேல்சட்டையை சான் லோரான் 1988இல் வெளியிட்டார். அந்தப் பூவேலைக்கு மட்டும் சுமார் அறுநூறு மணி நேரம் பிடித்ததாம். ஊசி பிடித்தது அவர் இல்லை. பாரிசின் லெசாஜ் என்ற பூவேலைப் பட்டறை. அந்தப் பட்டறையின் பெயராவது புத்தகத்தில் வருகிறது. அதற்குள்ளே உட்கார்ந்து மணி கோத்த பெண்களின் பெயர்? சட்டைக்குப் பெயர் சான் லோரான், படத்துக்குப் பெயர் வான் கோ. அறுநூறு மணி நேரத்துக்குச் சொந்தக்காரர் யாரென்று பார்க்க வருகிறவனுக்குத் தெரியாது.

இந்த லெசாஜ் குடும்பத்துக்கும் நம் சென்னைக்கும் ஒட்டுறவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பட்டறையை நடத்திய பிரான்சுவா லெசாஜின் மகன் ழான் பிரான்சுவா 1993இல் கூட்டாளிகளோடு சேர்ந்து சென்னையில் 'வஸ்திரகலா' என்ற பூவேலைக்கூடத்தைத் தொடங்கினார். அரண்மனைத் திரை, கட்டில் விரிப்பு, சுவர்த்துணி எல்லாம் நம்மூர்க் கை போட்ட பூவேலையோடு அங்கிருந்து போகின்றன. பாரிசுக்காரர் சென்னைக்கு வந்தது வெயில் காய இல்லை. அந்த அளவு பொறுமையான விரல் இங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் வந்தார்.

2023இல் மும்பையில் அம்பானி குடும்பத்தாரின் கலாச்சார மையத்தில், இந்தியத் துணி உலக நாகரிக உடையை எப்படி மாற்றியது என்று காட்ட ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. நூற்று நாற்பதுக்குக் குறையாத உடைகள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு நாற்பது வருஷம் முன்பே, 1982இல் லண்டனில் நடந்த இந்தியத் திருவிழாவுக்காக மார்த்தாண்ட சிங் என்பவர் 'விஸ்வகர்மா' என்ற பெயரில் துணிக் கண்காட்சி வைத்தார். என் கணக்கில் அதுதான் ஒசத்தி. பழைய துணியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகவில்லை. நெசவாளர் சேவை மையங்கள் மூலமாக, உயிரோடிருக்கும் கைவினைஞர்களைக் கொண்டே பழைய வேலைப்பாடுகளைப் புதிதாகச் செய்ய வைத்தார். பெயரைப் பாருங்கள்: தெய்வத் தச்சன் பெயர். ஒரு ஆளின் புகழ் அதில் இல்லை.

இனி நம் பக்கத்துச் சரித்திரத்துக்கு வருகிறேன். பொருநராற்றுப்படையில் கரிகாலன் கலைஞனுக்குக் கொடுத்த துணி, இழை ஓடியது கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. பாம்பு உரித்த தோல் மாதிரி இருந்ததாம். கொடுத்த ராஜா பெயர் இரண்டாயிரம் வருஷம் நிற்கிறது. வாங்கினவன் இன்ன தொழில் என்று தெரிகிறது. நெய்தவன் யார் என்று பாட்டில் இல்லை. தஞ்சை மராட்டிய அரண்மனைக்காகக் கொடாலிக் கருப்பூரில் செய்த புடவைகள் இன்னொரு உதாரணம். பருத்தியில் சரிகை கோத்து நெய்து, அப்புறம் மெழுகு போட்டுச் சாயம் தோய்த்து, கையால் எழுதி, மூன்று வித்தையை ஒரே துணியில் காட்டினார்கள். அரண்மனை போனதும் அந்த வேலையும் பத்தொன்பதாம் நூற்றாண்டோடு போச்சு. துண்டு துண்டாக வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அட்டையில் ஊர்ப் பெயர் இருக்கும், காலம் இருக்கும். ஆள் பெயர் இருக்காது.

ஆனால் எப்போதும் இப்படியே இருந்தது என்றும் சொல்ல முடியாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று உண்டு, பத்தாம் நூற்றாண்டு. கச்சிப்பேடு என்று அப்போது சொன்ன காஞ்சிபுரத்தில், ஊரகம் கோயிலின் கணக்கு வழக்கைப் பார்க்கும் பொறுப்பை நெசவாளர்களான பட்டசாலியர் குடியிருந்த நான்கு சேரிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சேரிகளின் பெயர்கூடச் செப்பில் வெட்டியிருக்கிறது. கோயில் பணத்தை நம்பிக் கொடுக்கிற அளவுக்கு நெசவாளிக்கு மதிப்பு இருந்த காலம் அது. தனி ஆளின் பெயர் இல்லாவிட்டாலும் தெருவின் பெயராவது நின்றதே!

காஞ்சிக்குப் பக்கத்தில் எங்கள் சமணர் ஊர் திருப்பருத்திக்குன்றம். ஊர்ப் பெயரிலேயே பருத்தி. அங்கே சங்கீத மண்டபத்தை 1387 வாக்கில் விஜயநகரத்து இருகப்பர் கட்டினார் என்று கல்வெட்டு சொல்கிறது. அதன் விதானத்தில் ரிஷபதேவர் சரித்திரம் வரைந்திருக்கிறார்கள். நான் போகும்போதெல்லாம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பது அந்த ஓவியப் பெண்கள் கட்டியிருக்கும் துணியைத்தான். கட்டம், கோடு, பூ என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. பட்டுப்பூச்சியைக் கொன்று எடுத்த பட்டு ஆகாது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பூஜைக்குப் பருத்திதான் கட்டுவார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்து பட்டு விற்றுப் பிழைத்தேன் என்பது வேறு கதை. அதை இங்கே விரிக்க இடமில்லை.

வியாபாரத்தில் கண்டதையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இருக்கும் கோர்வைப் புடவைக்குத் தறியில் ஒருத்தர் போதாது. கரையின் நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அநேகமாக வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ உட்காரும். முந்தானையை வேறு நிறத்தில் சேர்க்கும் பேட்னி வேலைக்கு, இழை இழையாகப் பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைக்க வேண்டும். பாவு தோய்ப்பவர், சாயம் போடுபவர், பூ அடை கட்டுபவர், சூரத்திலிருந்து சரிகை அனுப்புபவர் என்று ஒரு புடவைக்குப் பின்னால் ஏழெட்டுக் குடும்பம். சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் கடந்து மூட்டை என் கடைக்கு வரும்போது அதில் இருப்பது மொத்த வியாபாரியின் சீட்டு மட்டும். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது வருஷம் ஆகப் போகிறது, ஆகிவிட்டது. அது ஊரைக் காப்பாற்றுகிறது, சரி. நெய்தவர் பெயரை அது கேட்பதில்லை.

நம் தீவிலும் உடைக் காட்சி உண்டு என்று சொன்னால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். செல்லுலார் சிறையில் கைதிகள் உடுத்திய உடையைப் பொம்மைக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். தண்டனையாகப் போட்ட சாக்கு உடையும் அதில் ஒன்று. அந்தக் காலத்துக் கைதி கழுத்தில் ஒரு மரச் சீட்டு தொங்கும். அதில் எண், தண்டனை விவரம், விடுதலைத் தேதி, பெயருக்கு இடமில்லை. வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். பெயரை எடுத்துவிட்டு எண்ணைக் கொடுப்பது தண்டனை என்று வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் தீவுத் தமிழ்க் குடும்பங்களின் இரும்புப் பெட்டிகளில் ஐம்பது வருஷத்துப் புடவைகள் இன்னும் இருக்கின்றன. 2004 சுனாமி கொண்டுபோனது போக மிச்சம். கல்யாணக் கூறைப்புடவை, ஊரிலிருந்து அம்மா அனுப்பிய சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, ஆரணிப் பட்டு. வரும் பொங்கல் விழாவில் சங்கக் கூடத்தில் இவற்றை இரண்டு நாள் காட்சியாக வைப்போம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு அட்டை: கட்டியவர் பெயர், எந்த ஊர்த் தறி, எந்த வருஷம். நெய்தவர் யார் என்ற வரியையும் அச்சடித்தே வைப்போம். ஊருக்குப் போகிறவர்கள் அந்தத் தெருவில் விசாரித்து வந்து எழுதலாம். ஆரணிப் பக்கத்துப் புடவைகளுக்கு விசாரிக்கிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலையும், கூடத்துக்கு மரச் சட்டங்களும் என் பொறுப்பு. புடவை தருகிறவர்கள் மார்கழி முடிவதற்குள் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடவும்.