வாத்தியாரும் மண்ணைத் தொடணும்



ஸ்கூல்ல மண் வகைகளைக் கடகடன்னு ஒப்பிச்சவன் நான். எங்க ஒடுகத்தூர்ப் பக்கம் உத்திரகாவேரி ஆறே ஓடுது, ஆனா அதோட மணலை வகுப்புல ஒருநாளும் தொட்டதில்லை. வாத்தியாரைக் குத்தம் சொல்லலை. அவருக்கும் யாரும் அப்படிச் சொல்லித் தரலையே!

சொல்லித் தந்த ஊர் ஒண்ணு உண்டு, மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத். கிஷோர் பாரதியும் ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் 1972ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கினாங்க. 1978ல் மாவட்டம் முழுக்கப் பரவுச்சு. 1982ல் பிறந்த ஏகலவ்யா பொறுப்பை ஏத்துக்கிச்சு. பயிற்சியில் உரை கேட்கிற வேலையே இல்லை. பிள்ளைங்க செய்யவேண்டிய சோதனையை ஆசிரியர்களே குழுவா உட்கார்ந்து முதல்ல செய்யணும், விடை மாறினா ஏன்னு வாதாடணும். பிறகு மாசாமாசம் கூடிப் பேசணும். இப்படிச் சுமார் 1000 பள்ளி வரை போனதை 2002ல் மாநில அரசு நிறுத்திடுச்சு.

நமக்கென்னன்னு கேட்கறீங்களா? நம்ம பக்கத்துத் தோல் ஷாப்புக் கழிவு கிணறுகளைக் கெடுத்த வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது 1996ல். மணல் வடிகட்டிடும்னுதானே நினைச்சோம்?

அடியில் ஓட்டை போட்ட பாட்டில்ல கழுவின மணலை நிரப்பி, உப்புத் தண்ணி ஊத்துங்க. கீழே தெளிவாத்தான் வடியும். ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாருங்க, கரிக்கும்! ஒரு தடவை இதைச் செஞ்சு பார்த்த ஆசிரியர் நிலத்தடி நீர்ப் பாடத்தை வெறுமனே வாசிச்சுட்டுப் போவாரா?

நீங்க என்ன சொல்றீங்க?